சுண்டுவிரலின் புது வேலை

பாகாயம் பஸ் கதவில் நசுங்கியது
வலது சுண்டுவிரல்.
வரிக்கு வரி அரைப்புள்ளி வைப்பது அதன் பிழைப்பு.

இரவு பதினொன்று. சத்துவாச்சாரி மாடியறைச் சுவர்
பகலில் குடித்த வெயிலைக் கக்கிக்கொண்டிருந்தது.
எடிட்டரின் செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து
கேப்ஸ் லாக்கை அரைப்புள்ளியாக்கினேன்.
யாரிடமும் கத்தாதவளுக்கு எதற்குப் பெரிய எழுத்து?
பழக்கதோஷத்தில் விரல் போய்விடாதிருக்க
பழைய விசையை ஊமையாக்கினேன்.
அப்படியே, திறந்த அடைப்புக்குறி
தானே மூடிக்கொள்ளவும் ஒரு வரி.

கட்டுப் பிரித்த மறுநாள்
தபஸ்ஸும் அவசரத்துக்கு உட்கார்ந்து நாலு வரி தட்டினாள்.
"கீபோர்டு செத்துப்போச்சுடி."
இல்லை, எனக்குப் பழகிப்போச்சு.

ஆனாலும் சும்மா நீட்டிக்கொண்டிருக்கும் விரலைப் பார்க்கப்
பாவமாயிருந்தது.
ஊமை விசைக்கு வேறு உத்தியோகம் போட்டேன்:
ஒரு தட்டு, கோப்பு சேமிப்பு.
பேட்டரி நிற்காத லேப்டாப்,
சொல்லாமல் போகும் கரண்ட்.