சாயம் நிற்கும் இடம்

தனகோட்டிக்கு ஐம்பத்தொன்று.
காசிமேட்டில் இரும்புப் படகுகளுக்கு
அடித்தகடு ஒட்டுபவர்.
ஞாயிறு விடிகாலை வந்த வலியை
வாயு என்று சோடா குடித்துச் சமாளித்து
திங்கள் மதியம் வந்து சேர்ந்தார்,
ஷேர் ஆட்டோவில், ஏழாவது ஆளாக.

எக்கோ அறையில் களிம்பின் குளிருக்குத் தோள் சிலிர்த்தது.
விலாவுக்கு விலா ஜன்னல் தேடினேன்.
பீடியும் வெல்டிங் புகையும் உப்பவைத்த நுரையீரல்
எல்லா ஜன்னலிலும் திரைபோட்டிருந்தது.
முன்சுவர் அசையவில்லை. அவ்வளவுதான் தெரிந்தது.
செத்ததா, அசந்து கிடக்கிறதா?
செத்த இடத்துக்கு ரத்தப்பாதை போட்டு என்ன?

எம்ஆர்ஐ எழுதினேன்.
அதில் மருந்து வடுவில் தங்கும்,
வெள்ளையாய் எரிவது இறந்தது.
படிவத்தை வாசித்தேன்:
பேஸ்மேக்கர் உண்டா, கிளிப் உண்டா,
கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள்?

சிரித்தார்.
“எப்போதாவதா?
வலது கண்ணுல ஒண்ணு இன்னும் கீது மேடம்.
எடுத்தா பார்வ பூடும்னு வுட்டுட்டாங்க.”

எக்ஸ்ரேயில், கண்குழிக்குள்
நொய்யரிசி அளவு வெள்ளைப் புள்ளி.
காந்தத்தின் முன் அது தோட்டா.

பெட் ஸ்கேன்?
சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்க மறுக்கிறது.
மிச்சம் தாலியம்.

“உயிருள்ள தசை மருந்தை இழுத்துக்கும், ஒளிரும்.
செத்தது இருட்டா நிக்கும்” என்றேன்.
கொஞ்சநேரம் ஊசி ஏறுவதைப் பார்த்தார்.
“யார்டுல சிவப்புச் சாயம் தடவித் தொடைச்சி
மேல வெள்ளப் பவுடர் அடிப்போம்.
சாயம் நிக்கிற எடம் விரிசல்.
ஒங்க மெசின்ல நிக்காத எடம் விரிசலா?
உல்டாவா கீதே.”

உள்ளே விடமுடியாத அந்த இயந்திரம்தான்
உங்கள் யார்டு மாதிரி வேலை செய்யும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

முதல் படத்தில் முன்சுவர் முழுக்க லாடம்போல் இருட்டு.
இருபத்துநாலு மணி நேரம் பொறுத்து
மறுபடி எடுக்கவேண்டும்.

அன்றிரவு தண்டையார்பேட்டையில் ஃபீடர் போயிற்று.
விடுதி மொட்டைமாடியில் நின்றேன்.
எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் மட்டும்
நகராத வெளிச்சமாய்.
சந்துகள் கறுப்பு.
இங்கிருந்து படம் எடுத்தால்
யாருமே இல்லை என்றுதான் எழுதுவேன்.
ஒரு குழந்தை அழுதது.
ஒரு தகரக்கதவு கிறீச்சிட்டது.
யாரோ யாரையோ மெழுகுவத்தி கேட்டார்கள்.

மறுநாள் படத்தில்
லாடத்தின் மேல்பாதியில் மங்கிய ஆரஞ்சு.
நுனி கறுப்பாகவே இருந்தது,
எத்தனை தடவை பார்த்தும்.

“பாதி தேறும்” என்றேன்.
“மீதி?”
“மீதி போச்சு.”
“பாதித் தகடு கெட்டியா இருந்தா
பேட்ச் புடிக்கும்” என்று
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்,
ஒன்று மாற்றி ஒன்று.

அறுவைப் பட்டியலில் பெயர் சேர்த்தேன்.
பிறகு கேஸ் ஷீட்டைப் புரட்டி
முதல் பக்கத்தில், சிவப்பு மையில்:
வலது கண்ணில் இரும்பு உண்டு.
காந்தத்தின் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.