நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம்

டோர்னியோவில் மணி ஏழு என்றால்
ஹபராண்டாவில் ஆறு.
நடுவில் இருப்பதும் ஆறுதான்,
மார்கழியிலிருந்து உறைந்து கிடக்கிறது.

அம்மா அக்கரையில் நாற்காலி விற்கிறாள்.
சமையலறைக் கடிகாரம் அவள் வேலைக்கு,
கூடத்துக் கடிகாரம் என் பள்ளிக்கு.
மிச்சமான ஒரு மணி நேரம்
பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

பயிலரங்கின் நான்காம் நாள்.
எல்லை ஆய்வில் புதிதாய்க் கால்வைத்த பதினோரு பேர்.
சீட்டுக் குலுக்கியதில் எனக்கு நஃபூலா.
புசியாக்காரி.
முட்டை அட்டைகளைத் தலையில் அடுக்கி
உகாண்டாவிலிருந்து கென்யாவுக்கு நடக்கும் பெண்களைப் பற்றி எழுதுகிறாள்.
இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரைச் சுருக்கம்,
இருநூறு சொல்,
கெடு நள்ளிரவு.

முதல் வரியிலேயே சண்டை.
“எல்லை பிரிக்கிறது” என்று தட்டினேன்.
“யாரை?” என்றாள்.
அவளுடைய நாற்பது பேட்டிகளில்
ஒருத்திகூட எல்லை என்ற சொல்லை எடுக்கவில்லையாம்.
கயிறு என்பார்களாம்.
கயிறு தாழ்ந்தால் நடப்பது,
உயர்ந்தால் உட்கார்ந்து
உடைந்த முட்டையை எண்ணுவது.

என் பதிவுகளைப் புரட்டினேன்.
என் ஆட்களும் சொல்லியிருக்கவில்லை.
“அங்கே கடை இன்னும் திறந்திருக்கும்,”
இதைத்தான் திரும்பத் திரும்ப.

அழித்தோம். எழுதினோம். அழித்தோம்.
யார் பெயர் முதலில் என்பதற்கு அரை மணி போயிற்று.
அகரவரிசை என்றாள்.
என் குடும்பப் பெயர் யூலிதாலோ,
எந்த வரிசையிலும் வாசலுக்கு வெளியே நிற்கும்.
விட்டுக்கொடுத்தேன்,
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

நிமிர்ந்தால் பன்னிரண்டு பத்து.

நஃபூலா மடிக்கணினியைக் கோட்டுக்குள் செருகினாள்:
“வா, உன் அம்மா கடிகாரத்துக்குப் போவோம்.”

பாலத்தின் மேல் மைனஸ் இருபத்தாறு.
பாதி வழியில் கைப்பேசி தடுமாறியது:
00:19
23:19
மறுபடி 00:20.
எந்தக் கோபுரம் எங்களை எடுத்துக்கொள்வதென்று
அவற்றுக்குள் பேச்சு முடியவில்லை.
நின்றோம்.
அவள் சிரித்த ஆவி
என் மூக்குக் கண்ணாடியில் உறைந்தது.

அக்கரைப் பேருந்து நிலையச் சுவரோரம்
கையுறையைப் பல்லால் கழற்றி
அனுப்பினேன்.
23:31.

காலையில் பேராசிரியர் ஓர்வொக்கி
எங்கள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
கள்ள நோட்டைப் பார்ப்பது போல.
“எந்தக் கரையின் நள்ளிரவு என்று நான் எழுதவில்லை, இல்லையா?”
பிறகு கோப்பையை நகர்த்தி வைத்தார்.
“காப்பி ஆறட்டும். சொல்கிறேன்.”

ஆறிவிட்டது.
இன்னும் சொல்லவில்லை.