காற்று எண்பத்திரண்டு

பேர்த்திலிருந்து சிட்னிக்கு
மூவாயிரத்து இருநூற்று எண்பது கிலோமீட்டர்.
நீதிமன்ற ஆணையில் இந்த எண் இல்லை.
பள்ளி விடுமுறையில் பாதி
என்று மட்டும் இருக்கிறது.
கையொப்பம் வைத்த அன்று எனக்கும் தோன்றவில்லை,
பாதி என்பது
இவ்வளவு தூரம் என்று.

போக நாலு மணி நேரம்.
வர ஐந்து.

ஒரே விமானம், ஒரே வானம், அதெப்படி
என்று முதல் தடவை திரும்பி வந்தபோதே கேட்டான் நிவேதன்.
அப்போது எட்டு வயது. கழுத்தில்
தனியே பயணிக்கும் பிள்ளைக்கான அட்டை,
சட்டையெல்லாம் பிஸ்கட் தூள்.
மேலே எப்போதும் மேல்காற்று, கண்ணா.
போகும்போது முதுகில் தள்ளும்,
வரும்போது நெஞ்சில் தடுக்கும் என்றேன்.
"அப்ப காத்துக்கு அப்பாவைத்தான் பிடிக்கும்."
சீட் பெல்ட்டைச் சரிபார்த்தேன்.
ரோ நெடுஞ்சாலை முழுக்க
வைப்பர் தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கடிகாரத்தைக் கேட்டால் வேறு கதை.
தையில் சிட்னி எங்களுக்கு மூன்று மணி முன்னால்.
இங்கே காலை ஆறு பத்துக்கு ஏற்றிவிட்டால்
அங்கே இறங்கும்போது ஒன்று பத்து:
ஏழு மணி நேரம் தொலைந்தது.
அங்கே மாலை ஆறரைக்கு ஏறினால்
இங்கே எட்டரைக்கு நிற்பான்:
இரண்டே மணி.
என் பக்கம் பேசும் ஒரே சாட்சி அது.
அதுவும் பொய்ச்சாட்சி.

இப்போது பதினொரு வயது.
போன கிழமை கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்,
யாரும் கேட்காமலே போட்டிருக்கிறான்:
நாலால் வகுத்து எண்ணூற்று இருபது,
ஐந்தால் வகுத்து அறுநூற்று ஐம்பத்தாறு,
கூட்டிப் பாதியாக்கினால்
விமானம் எழுநூற்று முப்பத்தெட்டு.
மிச்சம்
காற்று எண்பத்திரண்டு.
விடைக்குக் கீழே இரண்டு கோடு.
அலகு எழுதவில்லை.
யாருக்குப் பிடித்த காற்று என்றும்
இந்த முறை எழுதவில்லை.

மூன்று வருடமாய் அவன் அப்பாவுக்கும் எனக்கும்
இரண்டே சொல்.
அங்கிருந்து "ஏறிட்டான்".
இங்கிருந்து "இறங்கிட்டான்".
நடுவில் கிடக்கும் ஐந்து மணி நேரத்துக்கு
எங்களிடம் மொழி கிடையாது.

இன்றிரவு கைப்பேசித் திரையில்
மஞ்சள் விமானம்
பெருவளைகுடா நீலத்தின் மேல்
ஒட்டிய அரிசி மாதிரி நகராமல் கிடந்தது.
எட்டரை, எட்டு ஐம்பதாக மாறியது.
விரல் தானாகத் தட்டிவிட்டது:
"காத்து கூட. இருபது நிமிசம் பிந்தும்."
அனுப்பிய பிறகுதான் பார்த்தேன் யாருக்கு என்று.

"தெரியும். பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

அங்கே பத்தரை தாண்டியிருக்கும்.
விடிய நாலரைக்கு எழும்பி
வேலைக்குப் போகிற மனிசன்.

பதில் எழுதவில்லை.
விமானம் கல்கூர்லியைக் கடக்கும் வரை
சமையலறை விளக்கைப் போடவும் இல்லை.
பிறகு சாவியைத் தேடினேன்.

வருகைக் கூடத்தில் ஒருத்தி
பூங்கொத்தின் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள்.
அடுத்த முறை அவனுக்குப் பன்னிரண்டு,
அட்டை தேவைப்படாது.
கணக்கை மட்டும்
திருத்திப் போடச் சொல்ல வேண்டும்.
இன்று எண்பத்திரண்டு இல்லை.