பதினான்காம் கேள்வி

காட்பாடி ஜங்ஷன், விடியற்காலை நாலே முக்கால்.
ஏழு பேர், ஏழு முதுகு மூட்டை,
பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட ஒரே பச்சை பனியன்.
சேவை வழிக் கற்றல்: மூன்று வாரம், இரண்டு கிரெடிட்.
நான் எம்.ஏ. இங்கிலீஷ்,
நாளுக்கு எழுநூறு, மதியச் சாப்பாடு அவர்களோடு.
அவர்கள் வாயிலிருந்து எடுத்து
குடியாத்தத்தின் காதில் வைக்க வேண்டும்,
பிறகு அங்கிருந்து இங்கே.
வழியில் கொஞ்சம் சிந்தும்.
யாரும் அளப்பதில்லை.

இங்ரிட்டுக்குக் கெங்கம்மாவின் தெரு விழுந்தது.
கவுண்டன்யா ஆற்றில் மணலும் முள்ளும்.
ஜூன் பாதி போயும் வெயில் போகவில்லை.
முதல் நாளே அவள் மூக்கு உரிந்துவிட்டது.
"தேங்காண்ண தடவச் சொல்லு" என்றாள் கெங்கம்மா,
மடியில் முறம், முறத்தில் தூள்,
கை மட்டும் தனியாக ஒரு வேலையில்.

படிவத்தில் முப்பத்திரண்டு கேள்வி.
பதிமூன்று வரைக்கும் சுலபம்:
கூரை, கழிவறை, ரேஷன் கார்டு, சர்க்கரை.
பதினாலாவது:
ஒரு நாளில் உங்களுக்கென்று
எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்?
நேரம் என்ற சொல்லை நான்தான் விட்டுவிட்டேன்.

"நான் எங்க ஒதுக்கறேன்? மேஸ்திரி ஒதுக்கறான்.
இலை ஓட்டை, கட்டு லூசுன்னு
தெனம் அறுபது பீடி."

இங்ரிட் என்னைப் பார்த்தாள்.
அறுபது, என்றேன்.
நிமிடமா, என்றாள்.
வெயிலா, பசியா, தெரியவில்லை,
தலையாட்டிவிட்டேன்.
60 என்று எழுதினாள், அழகான கையெழுத்து.
இந்தத் தெருவில் ஒரு பெண்ணுக்குத் தினம் ஒரு மணி நேரம் ஓய்வு.

பிறகு கெங்கம்மா கேட்டாள்,
படிவத்தில் இல்லாத கேள்வி:
"எப்படி வந்துகினாங்கோ? எந்த வழியா?"
தோஹா வழியாக.
நூல் பல்லில் நின்றது.
"தோஹா ஏர்போர்ட்லதான் எம்புள்ள கீறான்.
தரை தொடைக்கறான். நைட் டூட்டி.
பேரு முனிரத்தினம். இந்தப் பக்கம் ஒரு தழும்பு.
பாத்துதான்னு கேளு, ரெஜினா."

கேட்டேன்.
இங்ரிட் பேனாவை மூடினாள். திறந்தாள்.
ஆறு மணி நேரம் அங்கே தரையில் படுத்திருந்தோம்.
யாரோ துடைக்க வந்தார்.
காலைத் தூக்கிக்கொண்டேன்.
முகத்தைப் பார்க்கவில்லை.

இதைச் சிந்த விட்டிருக்கலாம்.
பார்த்தாளாம், நல்லா இருக்கானாம் என்று
நாலு வார்த்தை, செலவில்லாமல்.
என்ன நினைத்தேனோ,
மூன்று வாரத்தில் அந்த ஒன்றைத்தான்
ஒரு சொட்டுக் குறையாமல் சொன்னேன்.

கெங்கம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.
இலையைத் தகரத்தில் வைத்து வெட்டினாள்.
"காலத் தூக்கிக்கினாளா? பரவால்ல.
இங்க அதுகூடத் தூக்கமாட்டானுங்கோ."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
எப்படி என்றும் தெரியவில்லை.
ஆனால் இங்ரிட் சிரிக்கவுமில்லை, கேட்கவுமில்லை.
பதினைந்தாம் கேள்வி
கொசுவலையைப் பற்றியது.

மறுநாள் படிவம் இல்லாமல் வந்தாள்.
தரையில் உட்கார்ந்து முறத்தை இழுத்தாள்.
தும்மினாள். கண் சிவந்தது. நூல் அறுந்தது.
சாயங்காலத்துக்குள் பதினோரு பீடி.
ஒன்று கர்ப்பமாக, ஒன்று கூனாக.
"இங்கிரி, இது இன்னா, வெடியா?" என்று
தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

மேஸ்திரி ஏழை ஒதுக்கினான்.
நாலு தப்பியது.
கெங்கம்மாவின் இருபத்தொன்றோடு அவற்றைச் சேர்த்து
ஒரு கட்டு போட்டார்கள்.
அது லேபிள் ஒட்டி, லாரி ஏறி,
ஆம்பூரிலோ சித்தூரிலோ ஒரு பெட்டிக்கடையில்
இந்நேரம் பிரிந்திருக்கும்.
பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒருவர்
இழுத்துப் பார்த்துவிட்டு,
என்ன இது, நடுவிலேயே அணைகிறதே என்று
மறுபடி தீக்குச்சி கேட்டிருப்பார்.

எனக்கு மூன்று வாரச் சம்பளம் வந்தது,
ஒரு பச்சை பனியனும்.
அறுபதை இன்னும் திருத்தவில்லை.