நாற்பத்தைந்து மைக்குரோன்

பதினேழு சொப்பின் பை.
ஒன்றில் மட்டும் ஊர்ப்பெயர்
வியர்வையில் அழிந்துவிட்டது.

கோப்பாய்ச் செம்பாட்டில், வெங்காயத் தறையில்
பஞ்சலிங்கம் கேட்டார்:
"என்ன தங்கச்சி தேடுறியள்?"
"பங்கசு."
"பூஞ்சணமோ? முந்தநாள்தான் மருந்து அடிச்சனான்.
ஒண்டும் இராது" என்றார்,
விருந்தாளி வருமுன் வீடு கூட்டி முடித்தவர் மாதிரி.

வேருக்குப் பொசுபரசு கொண்டுவந்து கொடுத்து
கூலிக்குச் சீனி வாங்கும் பங்கசும் உண்டென்று
வரம்பில் நின்று சொன்னால்
வட்டிக்காரன் கதை போலத்தான் இருக்கும்.
பேசாமல் கிண்டி எடுத்தேன்.

நீர்வேலி வாழையடி.
இடைக்காட்டுப் புகையிலை.
புத்தூரில் துளைகருவி ஒரு சாணில் நின்றது: சுண்ணக்கல்.

கட்டுவனில், போன வருடம் திறந்துவிட்ட காணி.
இருபத்தெட்டு வருடம் கலப்பை காணவில்லை,
உரம் காணவில்லை,
உரித்துக்காரரையும்.
நாயுருவி, ஈச்சம்பற்றை, இரண்டு விளாத்தி.
கிணற்றுக்கட்டில், சீமெந்து காயுமுன்
யாரோ விரலால் கீறிய 1986.
முட்கம்பிக்கு இந்தப் பக்கம் ஆறு பை எடுத்தேன்.
அந்தப் பக்கத்துக்கு அனுமதியில்லை.
இழைகளுக்கு அது தெரியாது.

ஆய்வுகூடத்தில்
வாளியில் கரைத்துத் தெளியவிட்டு
அரிதட்டுகளில் ஊற்றினேன்.
மேல்தட்டில் நிற்பது கல், வேர்முடி, நத்தையோடு.
நாற்பத்தைந்து மைக்குரோனில் நிற்பதைச்
சீனிப்பாகில் சுழற்றி
நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால்
வித்திகள்:
தேன் நிறம், சவ்வரிசி நிறம்,
வாலோடு ஒன்று,
வெடித்துப்போய் ஒன்று.

கோப்பாய், நூறு கிராமில் பதினொன்று.
வாழையடி எழுபது.
கட்டுவனில் நானூறு தாண்டியதும்
பெருவிரல் நொந்து நிறுத்தினேன்.

அந்தக் காணி சும்மா கிடந்ததற்கு
நான் நன்றி சொல்லப் போவதில்லை.
எண்ணை எண்ணாகவே எழுதினேன்.

பெயர் அழிந்த பைக்குள்
கருஞ்சிவப்பாய் ஒன்று இருந்தது.
இரட்டைச் சுவரா? தழும்பு உண்டா? வாலில் வளைவா?
அட்டவணையின் இருபத்தேழு கேள்விக்கும்
இல்லை என்றது.
ஊர் தெரியாத மண்ணைக் கணக்கில் சேர்ப்பதில்லை.
கொட்டவும் மனம் வரவில்லை.
சட்டியில் இட்டு ஒரு வெங்காயம் ஊன்றி
யன்னலோரம் வைத்திருக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் பஞ்சலிங்கம் எடுத்தார்.
"ஏதும் பிடிபட்டதோ?"
"பதினொண்டு."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அப்ப இன்னொருக்கா அடிக்கட்டோ?"

வேண்டாம் அண்ணை, என்றேன்.
கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு
சீனியிலிருந்து தொடங்கினேன்.