ஒன்பதாம் வாரம்

மொத்தம் நூறு.
முன்மொழிவுக்குப் பத்து, முறையியலுக்கு இருபத்தைந்து,
அறிக்கைக்கு இருபத்தைந்து, வாய்மொழிக்குப் பத்து,
சகபாடிகள் தமக்குள் இட்டுக்கொள்ளப் பத்து.
மீதி இருபது,
கண்டறிதலின் முக்கியத்துவம்.
நானே தட்டச்சு செய்த அட்டவணைதான்.

ஏழாம் குழு.
பசறை வீதிக்கு மேலே, ஒரு லயனின் பின்புறம்,
வெடித்த நிலத்தின் இரு கரையிலும் முளையடித்து
பதினான்கு சனிக்கிழமை
நாடா பிடித்து அளந்திருக்கிறார்கள்.
எழுபத்திரண்டு பக்கம்.
முடிவு ஒரு வரி:
முளைகள் அசையவில்லை.

"அப்போ ஒன்றுமே நடக்கல்லையா?"
வாய்மொழியில் மற்றப் பரீட்சகர் கேட்டார்.
நுஸ்கி தரிந்துவைப் பார்த்தான்.
தரிந்து புரொஜெக்டரைப் பார்த்தான்.
"இல்ல சேர், ஒன்றும் நடக்கல்ல"
என்ற பிரேம்குமாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.
அந்த லயனில் பதினொரு வீடு.

மலை நகர்ந்திருந்தால்
இருபதுக்கு இருபது போட்டிருப்பேன்.
நகர்ந்திருந்தால்.

பிறகு இரகசியப் படிவங்கள்.
வழக்கமாக எல்லாருக்கும் எல்லாரும் பத்து,
கோபம் என்றால் எல்லாருக்கும் எல்லாரும் இரண்டு.
இங்கே மூவர் பத்துப் பத்தாக அள்ளியிருக்க
டிலோஜினி தன் பெயருக்கு நேரே
பூச்சியம்.
தாளின் பின்புறம், பென்சிலில்:

"ஒன்பதாம் வாரம் என் முறை.
அடைமழை. பஸ் பாதியில திரும்பிட்டுது.
எட்டாம் வாரத்தைப் பார்த்து எழுதினேன்.
ஐந்தாம் முளைக்கு மட்டும்
ஒரு மில்லிமீற்றர் கூட்டினேன்,
உண்மை மாதிரி இருக்கட்டும் என்று.
அவங்களுக்குத் தெரியாது மிஸ்."

புரட்டினேன்.
நானூற்றுப் பதினொன்று, நானூற்றுப் பன்னிரண்டு, நானூற்றுப் பதினொன்று.
முப்பத்தெட்டாம் பக்கத்தில்
அந்த ஒரு மில்லிமீற்றருக்கு
மூன்று பந்தி விளக்கம்:
வெப்பம், ஈரம், நாடாவின் இழுவை, இரண்டு சமன்பாடு.
ஓரத்தில் சிவப்பில் ஒரு சரி.
"அருமையான தர்க்கம்."
என் கையெழுத்து.

விதிக்கோவை பன்னிரண்டாம் பிரிவு
குழு முழுவதற்கும் பூச்சியம் என்கிறது.
புள்ளி ஒப்படைக்கச் செவ்வாய் நான்கு மணி வரை.

ஞாயிறு பசறை பஸ் ஏறினேன்.
நாடாவுக்கு இரண்டு முனை என்பது
அங்கே போய் நின்றபோதுதான் நினைவு வந்தது.
துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி
கேட்காமலே வந்து மறுமுனையைப் பிடித்தாள்.
பழகிய கை. தளர விடவில்லை.
"ஆடுதா?"
"இல்ல."
சரி என்று வாளியைத் தூக்கிக்கொண்டு
மிச்சத் துணிக்குப் போய்விட்டாள்.

திரும்பி வருகையில், வளைவுகளில் பேனை சறுக்கச் சறுக்க,
முக்கியத்துவம் என்ற கட்டத்தில்
இருபது எழுதினேன்.

முறையியல் இன்னும் வெறுமை.
டிலோஜினியை நாளை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்,
மற்ற மூவரையும்.
அதற்கு முன்
முப்பத்தெட்டாம் பக்கத்தை அழிறப்பரால் தேய்த்துப் பார்க்கிறேன்.
தாள்தான் மெலிகிறது.