துணைக்கால்

கேட்டதை எழுது, கேட்ட விதத்தை எழுதாதே
என்று செயலாளர் முதல் நாளே சொல்லியிருக்கிறார்.
கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.

பிரதேச சபை மண்டபம். பிற்பகல் மூன்று மணி.
தகரத்தில் மழை. முதல் அரைமணி நேரம்
வாய்கள் மட்டும் அசைந்தன.

கொழும்பிலிருந்து வந்தவர் படத்தை விரித்து மாட்டினார்.
பஸ் திரும்பும் இடத்தில், ஞாயிறு சந்தை கூடும் இடத்தில்,
இரண்டு மாடி, முழுக்கக் கண்ணாடி.
படத்தில் நடந்துபோகிற எவர் கையிலும் குடை இல்லை.
பொகவந்தலாவையில், குடை இல்லை.
பதினாலு கார் நிறுத்தலாம் என்றார்.
பின்வாங்கில் ஒருவர் டவுன் கார்களை விரல்விட்டு எண்ணி
டொக்டருடையதோடு ஐந்தில் நின்றுவிட்டார்.
ஏ.சி.யும் உண்டு என்றதும்தான் சபை சிரித்தது.
எழுதினேன்: திட்டம் விளக்கப்பட்டது.

வைரக்கண்ணு முதலாளி எழுந்தார்.
"கதவு தானாத் தொறக்கும்கிறீங்க.
இருவதாந் தேதிக்கு மேல தொறக்குமா?
சம்பளம் வர்ற வரைக்கும்
அரிசியும் மாவும் என் கொப்பியிலதானே நடக்குது?"
தலைகள் ஆடின. என் தலையும்.

உடனே அமிர்தவள்ளி.
மலையிலிருந்து நேரே வந்தவள், படங்கு இன்னும் இடுப்பில்.
"கொப்பி இருக்குது, இல்லைங்கல.
போன மாசம் மகளுக்கு ஷாம்பு கேட்டேன்.
பழைய கணக்கக் கட்டிட்டுக் குளிக்கலாம்னீங்க,
கடை நெறைய ஆள் நிக்கையில.
அங்க வெலைய பாக்கெட்டுல அடிச்சிருக்கும்.
என் மூஞ்சியப் பாத்து எழுத மாட்டாங்க."

மழை அப்போதுதான் விட்டிருந்தது.
கடைசி வரி எல்லோருக்கும் கேட்டது.
முதலாளி உட்காரவில்லை,
நின்றபடியே குடைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
எழுதினேன்: கடன் வசதி குறித்துக் கருத்துகள் பரிமாறப்பட்டன.

நிஸ்தார் ஹாஜியார் முன்னேற்றம் வேணும் என்றார்.
முன்னேற்றத்துக்குப் பின்னால் உள்ள காணி அவருடையது
என்பதுபோல் யாரோ இருமினார்கள்.

குசுமாவதி அக்கா பாதி தமிழில், பாதி சிங்களத்தில்:
எங்க கரட்டை வாங்குவாங்களா?
தரம் பார்த்து, என்றார் கொழும்புக்காரர்.
அக்கா பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.
இரண்டு கால் முளைத்த கரட்,
கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது,
தலைவருக்கு எதிரிலேயே.
அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

"கொழும்புக் கடையில நிக்கிற நம்ம புள்ளைங்க
இங்கயே நிக்கட்டுமே."
"நிக்கத்தான் விடுவாங்க. ஒக்கார?"

என் பைக்குள் தங்கையின் விண்ணப்பம்.
காசாளர். வயது பத்தொன்பது. உயரமும் கேட்டிருந்தார்கள்.
பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினேன்.

கை தூக்கச் சொல்லுமுன் ஐந்தே முக்கால்.
தோட்டப் பக்கம் போகும் கடைசி பஸ் ஹோர்ன் அடித்தது.
பாதி மண்டபம் எழுந்து ஓடிற்று.
பஸ் அந்த இடத்தில்தான் திரும்பியது,
இரண்டு தடவை பின்னால் எடுத்து.
தீர்மானம்: ஒத்திவைப்பு.

கதிரை அடுக்கும்போது படத்தைக் கிட்டப் பார்த்தேன்.
சிங்களம் பெரிதாக, ஆங்கிலம் அழகாக, அடியில் தமிழ்:
அன்புடன் வரவேற்கிறேம்.
இத்தனை பேர், இவ்வளவு நேரம் பார்த்த படம்.
பேனாவால் ஒரு துணைக்கால் போட்டேன்.
போட்ட பிறகுதான் தோன்றியது,
எந்தப் பக்கத்துக்குக் கை தூக்கினேன் என்று.

வழியில் முதலாளி கடை. ஒரு ராத்தல் பாண்.
அவர் கொப்பியைப் பிரித்தார்.
இருபது வருஷமாக அப்பா அதில் சண்ணாசி.
சன்னாசி என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை.
இன்றைக்கும் சொல்லவில்லை.

"அந்தக் கரட்ட யார் எடுத்தா?" என்றார், தலை நிமிராமல்.
தெரியாது என்றேன்.
பைக்குள், விண்ணப்பத்தின்மேல்,
மண்ணோடு கிடந்தது.